ஆற்றங்கரையின் எட்டாம் வள்ளல்

கடையெழு வள்ளல்களோடு கொடை இந்த மண்ணுலகை விட்டு நீங்கிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் தமிழையா சொன்னதை இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அந்த அறியாமை நீங்கியது மே மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. நீங்கிய இடம், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைச்சாரலில் ஒரு தூண்டில் கடை. கடையில் எழுந்தருளியிருப்பவரே கடையெழு வள்ளல் என்ற மெய்ப்பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அந்த எட்டாமவரின் திருப்பெயரையும் கடையின் பெயரையும் எழுத என் எழுதுகோல் கூசுகிறது. ஞாயிற்றுக்கு முகவரி எதற்கு? ஈத்தூண்டில் பழக ஆசைப்பட்டு வரும் எளிய உயிர்களுக்கு முதற்கோலைத் தேர்ந்து அருளும் அவருடைய பெருங்கருணையைப் பாடும் தகுதி எனக்கில்லை. ஆயினும் கண்டதைச் சொல்லாமல் விடுவது செய்ந்நன்றி மறந்த பாவம்.

அவர் அருளாட்சி செய்யும் நாட்டின் வளத்தை முதலில் சொல்ல வேண்டும். பீவர்கில், வில்லோவீமக் என்ற இரண்டு மலையாறுகள் ராஸ்கோ என்னும் சிற்றூரில் வந்து கூடுகின்றன. கூடும் மடுவுக்கு ஜங்ஷன் பூல் என்று பெயர். குளிர்ந்து தெளிந்த அந்த நீரில் வாழ்வது ட்ரவுட். நம் நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அந்த மீன்குலம். இந்த மலைப்பகுதியில் வாழ்ந்த தியோடர் கார்டன் என்ற நலிந்த உடம்புக்காரர், 1890-ல் இங்கிலாந்தின் ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி, நீரில் மிதக்கும் செயற்கை ஈக்களை வரவழைத்தார். அவற்றைப் பிரித்துப் படித்து, இங்குள்ள ஆறுகளில் பொரியும் ஈக்களின் சாயலில் தாமே கட்டத் தொடங்கினார். மிதக்கும் ஈயால் ட்ரவுட் பிடிக்கும் அமெரிக்கரின் கலை பெரும்பாலும் அந்த மனிதரின் விரல்நுனியிலிருந்து கிளைத்தது. அத்தகைய மண்ணில், அந்தக் கலையை விற்பனையால் வாழ்விப்பவர் நம் வள்ளல்.

கலையின் நுட்பத்தையும் இரண்டு சொல்லில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் குளத்தில் மண்புழுவும் ஈயக்குண்டும் கோத்து வீசினால், குண்டின் கனம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஈத்தூண்டிலில் அது நடவாது. கொக்கியில் சுற்றிய இறகும் மயிரும் ஊதினால் பறக்கும். ஆகவே கனத்தை நூலுக்கே கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த நூல். நூலை முதலில் பின்னால் எறிந்து, அது முழுக்க நீளும்வரை ஒரு கணம் காத்திருந்து, பிறகு முன்னால் வீச வேண்டும். நூலின் எடையில் கோல் வளையும். கை சட்டென்று நின்றதும் நிமிரும். நிமிர்கையில் நூலை உருட்டி அனுப்பும். அதன் நுனியில் கட்டிய தங்கூசி கடைசியில் ஈயைப் பூவிதழ்போல நீரில் இறக்கும். வேலை செய்வது வளைவு. அந்த வளைவைக் கை உணர்ந்துவிட்டால் வித்தையில் பாதி வந்துவிட்டது. இவ்வளவு தெரிந்தால் போதும், வாசகர்கள் கைகூப்பியபடி சந்நிதிக்குள் வரலாம்.

சந்நிதி என்று சொன்னது உபசாரத்துக்காக அல்ல. சுவர் முழுவதும் கார்பன் கோல்கள். கரும்பச்சை, கருநீலம், மாதுளைச் சிவப்பு என்று நிறம் நிறமாக, துடைத்து மெருகிட்டு, ஒவ்வொன்றின் தலைக்குமேல் ஒரு குட்டி விளக்கு. கார்க் பிடிகளில் வியர்வைக் கறை இல்லை. நூலோடும் வளையங்களில் ஒரு கீறல் இல்லை. ஆற்று நீரின் வாடை எட்டிப் பார்த்ததே இல்லை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார் இங்கே வந்திருந்தால், அங்கே பாடியதை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கேயும் பாடியிருப்பார். அதனினும் உயர்ந்த பாராட்டு தமிழில் உண்டா?

தங்கூசிச் சுருள் ஒன்று வாங்கிக்கொண்டு நான் ஓரமாக நின்றிருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளே வந்தார். கையில் நைந்த துணியுறை. அதிலிருந்து இரண்டு துண்டாகக் கழற்றிய ஒரு கோலை உருவி மேசைமேல் வைத்தார். போன குளிர்காலத்தில் அப்பா இறந்துவிட்டார், கார் கொட்டகையில் இது இருந்தது, வாரக்கடைசியில் வந்து பழகலாம் என்று ஆசை, இதை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். தேன் நிறத்தில் எட்டடிக் கண்ணாடியிழைக் கோல். 6 எண் நூலுக்கானது என்று பிடிக்கு மேலே மங்கிய எழுத்தில் இருந்தது. பிடியின் மேற்புறம், கட்டைவிரல் பதிந்து பதிந்து கார்க்கில் ஒரு குழி. பேசும்போதெல்லாம் அந்தப் பெண் தம் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்து வைத்து எடுத்தார்.

இந்த இடத்தில் அற்பக் கடைக்காரர் ஒருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. இரண்டு துண்டையும் மூட்டிப் பார்த்திருப்பார். மூட்டு ஆடுகிறதா, இழையில் விரிசல் உண்டா என்று விரலால் தடவியிருப்பார். "அம்மா, இந்தக் கோல் அடிவரை நிதானமாக வளையும். நூல் எங்கே இருக்கிறது என்று உங்கள் கைக்குச் சொல்லிக்கொடுக்கும். நல்லதாக ஒரு நூல் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், ரீலில் நானே சுற்றித் தருகிறேன்" என்று சொல்லி, அறுபது எழுபது டாலரோடு வியாபாரத்தை முடித்துக்கொண்டிருப்பார். போதாக்குறைக்குப் பழங்கதை வேறு பேசியிருப்பார்: ஹைரம் லெனர்ட், பெய்ன் குடும்பத்தார், கேரிசன் என்று கைவினைஞர்கள் ஆறு மூங்கில் பட்டைகளைச் சீவி ஒட்டிக் கோல் செய்ததையும், 1940களின் பிற்பகுதியில் கண்ணாடியிழை வந்ததையும், 1970களில் கார்பன் வந்ததையும், அதற்கு முன்னால் இரண்டு மூன்று தலைமுறை மக்கள் இந்த நிதானமான கோல்களில்தான் வீசப் பழகினார்கள் என்பதையும் சொல்லி, வந்தவரின் பொழுதை வீணாக்கியிருப்பார்.

நம் பெருமான் அந்தக் கோலைத் தொடவே இல்லை. கண்களால் மட்டும் தீண்டினார். "இது நினைவுச்சின்னம். சுவரில் மாட்ட வேண்டியது" என்று திருவாய் மலர்ந்தருளினார். ஒரே பார்வையில் ஒரு கோலின் மூட்டையும் இழையையும் வளைவையும் ஆயுளையும் அளந்துவிடும் ஞானதிருஷ்டியை நான் அதுவரை கண்டதில்லை.

பிறகு அருள்மழை தொடங்கிற்று. விளக்கு வெளிச்சத்திலிருந்து ஓர் இராசகோலை எடுத்தார். ஒன்பது அடி, நான்கு துண்டு, ஆயிரம் டாலருக்குச் சற்று மேல். ரீல் இல்லாமல், நூல் இல்லாமல், வெறுங்கோலை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, "ஆட்டிப் பாருங்கள்" என்றார். அவர் ஆட்டினார். கோல் காற்றில் விர்ரென்று துடித்து, நினைத்த இடத்தில் நின்றது. "இறகு மாதிரி இருக்கிறதல்லவா?" என்றார் பெருமான். இருந்தது. கடைக்குப் பின்னால் அருமையான புல்வெளி ஒன்று உண்டு. நூல் பூட்டிக் கால்மணி நேரம் வீசிப் பார்த்தால், எந்தக் கோல் தன் கைக்கு இணங்குகிறது என்று சிறு பிள்ளைக்கும் தெரிந்துவிடும். ஆனால் அது சந்தையில் ஏர் பூட்டி நடத்திப் பார்த்து மாடு பிடிக்கும் குடியானவரின் சந்தேக புத்தியல்லவா? நூலே இல்லாத கோலை ஆட்டிக் காட்டி, நூல் வீசும் கருவியை ஒருவர் மனத்தில் நிலைநாட்டுவதற்கு எவ்வளவு பெரிய ஆன்மபலம் வேண்டும்! வெறுங்கையில் விறைப்பான கோல்தான் இலேசாகவும் துடிப்பாகவும் தோன்றும் என்ற இரகசியத்தை அறிந்தவர்கள் பலர். அதை அறம்போலக் கடைப்பிடிப்பவர் அவர் ஒருவரே.

அடுத்து வேகம். "ஃபாஸ்ட் ஆக்‌ஷன், உலகத்தின் அதிவேகக் கோல்களில் ஒன்று" என்றபோது அவர் குரலில் வேதம் ஓதும் கம்பீரம் இருந்தது. வேகக் கோல் என்றால் நுனி மட்டும் வளையும், நடுவும் அடியும் விறைத்து நிற்கும். எழுபது எண்பது அடி நூலை எதிர்காற்றில் எறியும் கைதேர்ந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம்; அவர்கள் கை தரும் விசையை அது அப்படியே வாங்கித் திருப்பித் தரும். புதிதாகப் பழகும் கைக்கு வெளியே கிடப்பது இருபது முப்பது அடி நூல்தான். அந்தக் கனத்துக்கு விறைத்த கோல் வளைந்து கொடுக்காது. வளையாததால் கைக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால் கை இன்னும் ஓங்கி வீசும். ஓங்கி வீச வீச நூல் தன்மேல் தானே விழுந்து சிக்கும். மாணவனிடம் எதையுமே சொல்லாத மௌனகுரு அந்தக் கோல். தட்சிணாமூர்த்தியும் கல்லாலின் கீழ் நால்வருக்கு அப்படித்தான் உபதேசித்தார். அந்த நால்வரும் முன்பே முற்றும் கற்றவர்கள் என்பது நம் பெருமானுக்குப் பொருட்டே அல்ல. தம் கடைக்கு வருகிறவர்களையும் அதே உயரத்தில் வைத்துப் பார்க்கும் சமதிருஷ்டி அவருடையது.

வேகம் என்ற சொல்லுக்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான ஓர் அளவுகோலே கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கு விருப்பமானதை வேகம் என்று அழைக்கலாம். படிக்கல்லால் நிறுப்பது பருப்பையும் புளியையும். காவியச் சுவையை எதால் நிறுப்பது?

எண் விஷயத்திலோ அவர் கவிச்சக்கரவர்த்தி. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தூண்டில் தயாரிப்பாளர்கள் கூடி, நூலின் முதல் முப்பது அடி எவ்வளவு எடை இருந்தால் அதற்கு என்ன எண் என்று வகுத்தார்கள். 5 எண் நூலின் முப்பது அடி 140 கிரெய்ன். நம் கணக்கில் ஏறக்குறைய 9 கிராம். 6 எண் என்றால் 160 கிரெய்ன். கோலிலும் அதே எண்ணை எழுதினால் இரண்டும் பொருந்தும் என்பது அந்தப் பழையவர்களின் எளிய மனக்கணக்கு. வில்லியம் ஹான்னமன் என்றொருவர் பிற்காலத்தில் ஒரு குறும்பு செய்தார்: கோலைக் கிடையாகப் பிடித்து, நுனியில் ஒரு சிறு பை கட்டி, தலா இரண்டரை கிராம் எடையுள்ள ஒரு சென்ட் காசுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி தாழும்வரை எத்தனை காசு பிடிக்கிறது என்று எண்ணச் சொன்னார். அப்படி எண்ணினால், உடம்பில் 5 என்று எழுதிக்கொண்டு 6, 7 கனத்துக்கு விறைத்து நிற்கும் கோல்கள் எத்தனையோ வெளிப்பட்டுவிடும். அந்த விறைப்புக்கு ஈடுகொடுக்க, 5 என்று பெட்டியில் எழுதி 6-இன் எடைக்கு நூல் வார்க்கிறவர்களும் உண்டு. ஐந்து என்று எழுதி ஆறைக் கொடுப்பதல்லவா கொடை? நம்மூர்ப் பால்காரர்களும் அரிசிக் கடைக்காரர்களும் எழுதியதற்குக் குறைத்துக் கொடுத்துத்தான் பழக்கம். எழுதியதற்கு மிகுத்துக் கொடுக்கும் இந்தப் பண்பாட்டை நான் இங்கேதான் கண்டேன். ஐந்தே போதும் என்று வந்தவரின் நிலைமையைப் பற்றி அறநூல்கள் எதுவும் பேசவில்லை.

பாரியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு கொழுகொம்பு போதுமான முல்லைக்குத் தேரையே கொடுத்தான் அவன். முப்பது அடி வீசப் பழக வேண்டிய கைக்கு நூறடிக் கோலைக் கொடுத்தார் இவர். கொடைக்குக் கொடை சமம். பாரி அதற்கு விலை வாங்கவில்லை என்பது அந்தக் காலத்து மன்னர்களின் கணக்கறியாமை.

கோலோடு கொடை நின்றதா? "கோல் எடையில் கால் அவுன்ஸ் குறைத்திருக்கிறார்கள்" என்று நெகிழ்ந்து சொன்ன அதே மூச்சில், அதன் அடியில் பூட்டக் கனமான ரீல் ஒன்றை எடுத்து வைத்தார். தண்ணீரும் மணலும் புகாத அடைப்பு, வட்டத்தகட்டு பிரேக். கடலில் பாய்ந்தோடும் பெருமீனையும் நிறுத்தும் என்றார். பீவர்கில்லில் அந்தப் பெண்ணுக்கு அகப்படக்கூடிய ட்ரவுட் ஒரு முழம் இருந்தால் அதிகம். அதைக் கையாலேயே நூலைப் பிடித்து இழுத்துவிடலாம். ரீல் பெரும்பாலும் நூல் சுற்றிவைக்கும் உருளைதான். ஆனாலும் திமிங்கிலம் வந்தால்? முன்னெச்சரிக்கை பெரியோர் குணம். அதன்பின் மேல்தர நூல், பதினான்கு பைகள் உள்ள கைவைக்காத சட்டை, வலை, ஈக்கள் நிறைந்த பேழை. ரசீது 2,000 டாலரை நெருங்கியபோது பெருமான் நிறுத்திக்கொண்டார். போதும் என்று சொல்லத் தெரிந்தவனே ஞானி.

அவர் சொன்னவற்றைவிட, சொல்லாமல் காத்தவற்றுக்காகவே அவருக்குச் சிலை வைக்க வேண்டும். ட்ரவுட்டுக்குப் பழகுகிறவருக்கு ஒன்பது அடி, 5 எண், நடுவரை வளையும் நிதானமான கோல் ஒன்று போதும் என்பதை அவர் வாய் தவறியும் உச்சரிக்கவில்லை. அப்படிப்பட்ட கோல், ரீல், நூல் மூன்றும் சேர்த்துப் பூட்டியே 200, 250 டாலருக்குக் கிடைக்கும் என்ற அவச்சொல்லும் அந்த மண்டபத்தில் ஒலிக்கவில்லை. மிச்சப்படும் பணத்தில் தேர்ந்த ஆசிரியரிடம் ஒருநாள் பாடம் கேட்டால், எந்தக் கோலும் பத்து மடங்கு நல்ல கோலாகிவிடும் என்பதையும் அவர் மறைபொருளாகவே வைத்துக்கொண்டார். அதே பீவர்கில்லின் மேற்பகுதியில், 1960-ல் ஒரு வீச்சில் 161 அடி நூல் எறிந்த ஜோன் உல்ஃப், கணவர் லீ உல்ஃபோடு சேர்ந்து 1970களின் இறுதியில் தொடங்கிய வீச்சுப் பள்ளி இருக்கிறது. அந்தத் திசையைக் காட்டக்கூட அவருடைய பொன்விரல் அசையவில்லை. பிற கோயில்களுக்கு வழி சொல்லும் அர்ச்சகர் எங்கேனும் உண்டா?

1496-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வொர்ட் அச்சிட்ட ஆங்கிலத் தூண்டில் நூல் ஒன்று உண்டு. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற துறவுப் பெண்ணின் பெயரால் வழங்குவது. அது படிப்பவரைப் பனிக்காலத்தில் காட்டுக்கு அனுப்பி, தம் கோலைத் தாமே வெட்டி, வாட்டி, உலர்த்திச் செய்துகொள்ளக் கற்பிக்கிறது. கைக்கும் கோலுக்கும் இப்படி உறவு உண்டாக்குகிறவர்கள் வணிகம் என்னும் மாளிகைக்கு அடியில் வைக்கப்பட்ட வெடி. ஐந்து நூற்றாண்டுக்குப் பின்னாவது அந்த அபாயத்தை நீக்கிய நம் பெருமானுக்கு வரலாறு கடமைப்பட்டிருக்கிறது.

மறுநாள் ஞாயிறு பிற்பகல். அந்தப் பருவத்தில் ஹென்ட்ரிக்சன் என்று உள்ளூரார் அழைக்கும் ஈக்கள் நீரடியிலிருந்து பொரிந்து மேலே வரும். நீர்ப்பரப்பில் சிறகு உலர்த்தியபடி மிதந்து போகும். ட்ரவுட்டுகள் எழும்பி எழும்பி அவற்றைப் பருகும். கரையில் உட்கார்ந்து அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்ப்புறம், முழங்கால் நீரில் அந்தப் பெண் நின்றிருந்தார். வள்ளலின் கொடை பயன்தரும் காட்சியைக் காணும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

அவருக்குப் பதினைந்து அடி தூரத்தில் ஒரு பாறை. பாறையின் கீழ்நிழலில் ஒரு மீன், அரை நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கோலை ஓங்கினார். கோல் வளையவில்லை. நூல் பின்னால் போய்ப் பாதியில் தளர்ந்து, முன்னால் வந்து அவர் காலடியில் வளையலாக விழுந்தது. மறுபடி இன்னும் ஓங்கினார். ஈ பின்னால் இருந்த ஆல்டர் புதரில் போய் அமர்ந்தது. எடுத்துவந்தார். மறுபடி. இப்போது காற்றிலேயே நூல் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு, தங்கூசியில் முடிச்சு விழுந்தது. கரைக்கு வந்து, கல்லில் உட்கார்ந்து, நகத்தால் நெருடி நெருடி முடிச்சை அவிழ்த்தார். ஒருமணி நேரத்தில் அவர் வீசியது பத்து நிமிடம் இருக்கும், அவிழ்த்தது ஐம்பது நிமிடம். சிக்குப் பிரிக்கும் பொறுமையைப் போதிக்க எத்தனை மடங்களும் ஆசிரமங்களும் தேவைப்படுகின்றன! நம் வள்ளல் ஒரே கோலில் அதைச் சாதித்துவிட்டார்.

ஒருமுறை மட்டும், எப்படியோ, ஈ பாறை நிழலில் விழுந்தது. மீன் எடுத்தது. அவர் திடுக்கிட்டுக் கோலைத் தூக்கினார். நிதானமான கோலாக இருந்தால் அந்த உதறலை வளைந்து வாங்கிக்கொண்டிருக்கும். இந்த இராசகோல் விறைப்பு மாறாமல் நின்றது. முடிச்சு விழுந்து வலுக்குறைந்திருந்த தங்கூசி பட்டென்று அறுந்தது. மீன் ஈயோடு போயிற்று. அந்தப் பெண் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வலது மணிக்கட்டை இடது கையால் அமுக்கியபடி கரையேறி, கோலைத் துடைத்து, நான்காகக் கழற்றி, உறையிலிட்டு, அலுமினியக் குழாயில் போட்டு மூடியைத் திருகினார். "எனக்கு இது வராது போலிருக்கிறது" என்று என்னிடம் சொன்னார். கோலின்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. தோல்வி முழுவதையும் தம் கையின் பேரில் ஏற்றுக்கொள்ளும் இந்தப் பணிவை வாங்குகிறவர் உள்ளத்தில் விதைப்பதே அந்தக் கொடையின் உச்சம். பொருள் பழுதானால் கடைக்கு வருவார்கள். தானே பழுது என்று நினைக்கிறவர் வரமாட்டார்.

வர வேண்டிய தேவையும் இல்லை. கோலுக்கு உயிருள்ளவரை உத்தரவாதம் உண்டு. நுனி ஒடிந்தால் ஒரு கட்டணம் பெற்றுக்கொண்டு மாற்றித் தருவார்கள். அப்படி மாற்றித் தரும் செலவும் முதலிலேயே விலையில் அடக்கம் என்பதால் யார் மனமும் நோகாது. குழாய்க்குள் உறங்கும் கோல் ஒடியாது, கீறாது, கறைபடாது. ஆண்டுகள் கழித்து யாரேனும் திறந்து பார்த்தால், கடைச்சுவரில் விளக்கடியில் இருந்த அன்றைய பொலிவு மாறாமல் இருக்கும்.

அன்று மாலை ஊர் திரும்புமுன் மற்றொரு முறை தரிசனத்துக்குப் போனேன். இளைஞன் ஒருவன் வெறுங்கோலை ஆட்டிக்கொண்டிருந்தான். "இறகு மாதிரி இருக்கிறதல்லவா?" என்று பெருமான் கேட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தபோது, வாசல்நிலைக்கு மேலே புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. தேன் நிறம், எட்டடி, இரண்டு ஆணிகளின்மேல் கிடையாகப் படுத்திருந்தது. நேற்று ரசீது போட்டு முடிந்ததும், தம் வீடு நகரத்தில் சின்ன வீடு, இதை மாட்ட இடமில்லை என்று அந்தப் பெண் தயங்கினார். "இங்கேயே மாட்டிவைக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள்" என்று பெருமான் ஆறுதல் சொன்னார். அவர் அந்தக் கார்க் குழியில் கடைசியாக ஒருமுறை விரல் வைத்துவிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதை நானே பார்த்திருந்தேன்.

மண்டபம் முழுவதையும் கண்ணால் ஒருமுறை சுற்றி வந்தேன். அத்தனை கோல்களிலும் மீன் பிடித்திருந்த கோல் அது ஒன்றுதான். விலைச்சீட்டு இல்லாத கோலும் அது ஒன்றுதான். எதற்கு விலை வைக்கலாம், எதற்கு விலையே கிடையாது என்பதை நம் வள்ளலைப்போல் அறிந்தவர் யார்?